எட்டாம் தொட்டிக் காற்று

யாரும் அழுத்தாமலே ஒரு சோடா புட்டியின் கோலி உள்ளே விழுந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலையாட்கள் போய்விட்டார்கள். நிலவறையில் முதலாளி மட்டும், கையில் மெழுகுவத்தியோடு. உள்ளேயிருக்கும் காற்று தள்ளுகிறவரைதான் கோலி வாயடைத்து நிற்கும். கசிந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவர் குனிந்தபோது, புளிப்பும் ஈரச்சாக்கும் கலந்த பழகிய வாடைக்கு அடியிலிருந்து மெல்ல மூக்குப்பொடி நெடி ஏறியது.

இங்கே மூக்குப்பொடி போடுகிறவர் ஒருத்தர்தான், தங்கையின் கணவர். அவரை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகிறது.

1861-இல் அப்பா இந்தத் தொழிலைத் தொடங்கியபோதே ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். பீர்த் தொட்டியில் பொங்கும் காற்றைக் குழாயில் பிடித்துச் சோடாவில் அடைத்தார். குடிக்கிறவனும் நம்ம ஆள், குடிக்காதவனும் நம்ம ஆள் என்று சிரிப்பார். கழுவ இறங்குமுன் தொட்டிக்குள் மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். அது அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. அந்தக் காற்றில் மனிதனும் அப்படித்தான் அணைவான்.

அன்றைக்கு அவசரம். எட்டாம் தொட்டியின் விளிம்பில் நின்று இவர்தான் சொன்னார், "பாத்தாச்சு மாப்ளே, இறங்குங்க."

பார்க்கவில்லை. உடலைத் தூக்கியபின், தொட்டியில் அந்தக் காற்று தேங்கி நின்றது வெளியே தெரியக் கூடாதென்று அதை இறைத்து இந்தப் புட்டிகளில் அடைத்தார். மெழுகுவத்தி நன்றாகத்தான் எரிந்தது, மாரடைப்பு என்று தங்கையிடம் சாதித்தார். அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைதான் ஒன்பது நாளாக அவரைத் தூங்கவிடவில்லை.

இன்னொரு கோலி விழுந்தது. பக்கத்தில் ஒன்று. பிறகு வரிசை முழுக்க. விழுந்தவை மெல்ல எழும்பின. மறுபடி விழுந்தன. மூச்சு வாங்குகிற மாதிரி.

சுடர் சுருங்கியது. நீலமானது. அவர் படிக்கட்டை நோக்கி ஓடப் பார்த்தார். முழங்கால் மடங்கியது.

சுடர் அணைந்தது.

"அண்ணா, சாப்பாடு ஆறுது." மேலே தங்கை. வளைந்து இறங்கும் அந்தப் படிக்கட்டில் மேலே நிற்பவருக்குக் கீழே எதுவும் தெரியாது. புருஷன் போனதிலிருந்து கேட்காமல் அவள் ஒரு படி இறங்குவதில்லை. இன்றும் கேட்டாள். "கீழ மெழுகுவத்தி எரியுதா? வரட்டுமா?"

வராதே.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. நெஞ்சில் காற்றே இல்லை. தரையைக் கையால் அடிக்கப் பார்த்தார். கை எழும்பவில்லை.

கோலிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் விழுந்தன. புட்டிகளின் வாய்களிலிருந்து, பொறுமையாக, பாசமாக, அவருடைய குரலே பதில் சொன்னது.

"எரியுதும்மா. பாத்தாச்சு, இறங்கு."

மேல்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த படியில்.