வருகை தந்திருந்தோர்

ருவான்வெல்லை பசாரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மழை பிடிப்பதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம் என்று ஷாமிளா கடைக்குள் நுழைந்தாள். ஜுனைதீன் நானா கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

“என்ன மகள், எங்கட பிளாஸ்க் எங்க?”

“எந்த பிளாஸ்க் நானா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க. போன வருஷம் கூட்டத்துக்கெண்டு நாலு பேருக்கு பிளேன்டி ஊத்திக்கிட்டு போனீங்களே. சிவப்பு மூடி போட்டது.”

“நான் வரவே இல்லையே. அக்காவா இருக்கும்.”

“ஒங்கட அக்காவ எனக்குத் தெரியாதா? நீங்கதான் வந்தீங்க. பேசல்ல. நாலு விரலக் காட்டினீங்க. மூஞ்சி வெளிறிப்போய் ஈந்திச்சு. காய்ச்சலாக்கும் எண்டு நானும் ஒண்டும் கேக்கல்ல.”

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த எரிச்சலின் மேல் இதுவும் ஒரு கரண்டி. எந்தக் கூட்டம்? அவளுடைய கம்பனி கூட்டமே நடத்துவதில்லை. அது ஊருக்கே தெரியும்.

கம்பனி என்றால் அக்கா சுகந்தினியின் கணவர் கஜேந்திரன். அத்தானிடம் ஒரு லொறி இருந்தது, ஒரு தராசு இருந்தது. சிறு தோட்டக்காரர்களிடம் ரப்பர் ஷீட் வாங்கி விற்றுக்கொண்டு மனிதர் நிம்மதியாகத்தான் இருந்தார். லிமிட்டட் கம்பனி ஆகாதவனைக் கொழும்பில் கதிரையில் உட்கார வைக்க மாட்டார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். பிறந்தது ‘சப்ரகமுவ குளோபல் ரப்பர் ஹோல்டிங்ஸ் பிரைவேட் லிமிட்டட்’. அந்தக் குளோபல் பக்கத்து ஊரான அவிசாவளையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் லொறியின் பிரேக்கை நம்ப முடியாது. அத்தான் சேர்மன். அக்கா ஒரு டிரெக்டர். பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டால் கடிதத் தலைப்பு நிறைந்திருக்கும் என்பதற்காக ஷாமிளா இன்னொரு டிரெக்டர்.

பதிவு அலுவலகமாக மலை மேல் மூடிக்கிடந்த பழைய ரப்பர் பெக்டரியின் ஒபிஸ் அறையை வாடகைக்கு எடுத்தார். தோட்டத்து விலாசம் போட்டால் வெள்ளைக்காரன் காலத்துக் கம்பனி மாதிரி வெயிட்டாக இருக்குமாம். பெயர்ப்பலகை அடித்து, மூன்று மரக் கதிரையும் சேர்மனுக்கு ஒரு சுழல் நாற்காலியும் போட்டு, நாடா வெட்டி, எல்லோருக்கும் கேக் கொடுத்து, பூட்டிவிட்டு வந்தார்கள். சுழல் நாற்காலிக்குச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

ஆனாலும் வருடாந்தப் பொதுக்கூட்டம் வருடம் தவறாமல் நடந்தது. கேகாலையில் கம்பனிகளுக்குச் செயலாளர் வேலை பார்க்கும் லாபிர் சேர் அதைத் தன் போட்டோக் கொப்பி மெஷினில் நடத்தினார். போன வருடத்துக் கூட்டக் குறிப்பைக் கொப்பி எடுத்து, திகதிக்கு மேல் வெள்ளை மை தடவி, புதுத் திகதி எழுதுவார். அடுத்த வருடம் அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பி. ‘கூட்டம் பதிவு அலுவலகத்தில் நடைபெற்றது. தலைவர் எல்லோரையும் வரவேற்றார். கணக்கறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது. நன்றியுரைக்குப் பின் தேநீர் வழங்கப்பட்டது.’ வருகை தந்திருந்தோர் நான்கு பேர்: அத்தான், அக்கா, ஷாமிளா, லாபிர் சேர். ஒருமுறை அவள் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி கையெழுத்துப் போட்டாள். இன்னொரு முறை கல்யாண வீட்டில், சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில். எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சேர் சொல்வார். அது உண்மையும்கூட.

இந்த வருடம் அவள் ஓடித் திரிவதற்குக் காரணம் இருந்தது. படிப்பு முடித்து நான்கு வருடம் காத்திருந்த ஆசிரியர் நியமனம் வந்துவிட்டது. திங்கட்கிழமை தோட்டத்துப் பாடசாலையில் பொறுப்பேற்க வேண்டும். கூடவே வந்த படிவத்தில் ஒரு கேள்வி: ஏதாவது கம்பனியில் பணிப்பாளரா, அதாவது டிரெக்டரா? இல்லை என்று உண்மையாக எழுத வேண்டுமானால் குளோபலிலிருந்து விலக வேண்டும். வருடாந்த ரிட்டர்ன் ஏறினால்தான் ராஜினாமா ஏறும் என்றார் லாபிர் சேர்.

கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்தில் ரிட்டர்ன் ஏற மறுத்தது. பைல் பெரிது என்றது. சுருக்கினால் எழுத்து தெளிவில்லை என்றது. இரகசிய எண் அத்தானின் போனுக்குப் போனது. அத்தானோ கொழும்பில், தானே காசு கட்டி வாங்கும் ஏதோ ‘சிறந்த தொழிலதிபர்’ விருதுக்காக அக்காவோடு ஹோட்டலில் நின்றார். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டி, இலக்கங்களைப் பேச்சுப்போட்டியில் போல ஒவ்வொன்றாக உச்சரித்து முடிப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். உதவிக்கு அழைத்தால் ஒரு பெண் ‘பொட்டக் இன்ன மிஸ்’ என்று சிங்களத்தில் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டாள். கடைசியில் லாபிர் சேர் இன்னொரு குண்டைப் போட்டார். பதிவு விலாசத்துக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்திருக்கிறது. பெயர்ப்பலகை இருப்பதாக ஒரு படமாவது பைலில் வேண்டும். “ஒரு படம் மிஸ், அவ்வளவுதான். எடுத்து வட்ஸ்அப்ல போடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்.”

தேநீரை முடித்துக்கொண்டு மலை ஏறினாள்.

பிற்பகல்தான், ஆனால் ரப்பர் காட்டுக்குள் வெளிச்சம் அப்போதே குறைந்திருந்தது. மழை ஆரம்பித்தது தெரியவில்லை, தலைக்கு மேல் இலைகளில் மட்டும் ஒரு நீண்ட இரைச்சல் எழுந்தது, பிறகு பால் பிடிக்க மரங்களில் கட்டியிருந்த வெறும் சிரட்டைகளில் துளிகள் விழத் தொடங்கின, பக்கத்தில் ஒன்று, சரிவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று, வரிசை வரிசையாக யாரோ நாக்கைச் சொடுக்குவது போல. ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் ஈர மண்ணோடு கலந்து மூக்கில் ஏறியது. செருப்பு வழுக்கியது. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்து, சேர்மன்மாரையும் செயலாளர்மாரையும் ஒன்றாகத் திட்டிக்கொண்டே ஏறினாள்.

பெக்டரியின் தகரம் பாதி போயிருந்தது. ஒபிஸ் அறை மட்டும் முழுசாக நின்றது. பூட்டு துருவேறி, கொண்டியோடு ஒட்டிப்போயிருந்தது. பெயர்ப்பலகையோ பளிச்சென்று இருந்தது.

யாரோ துடைத்திருந்தார்கள்.

படம் எடுத்தாள். அனுப்பினாள். ஒரு டிக், இரண்டு டிக், போய்விட்டது. அவ்வளவுதான், இறங்கிவிடலாம் என்று திரும்பியபோதுதான் உள்ளே அந்தச் சத்தம் கேட்டது. கிறுகிறுவென்று பிளாஸ்டிக் நசுங்கும் சத்தம். உறை கழற்றாத நாற்காலியில் ஒருவர் சாய்ந்து உட்காரும் சத்தம்.

எலி, என்று நினைத்தாள். எலிக்கு அவ்வளவு எடை கிடையாது என்றும் நினைத்தாள்.

ஜன்னல் கண்ணாடியில் பாசி படிந்திருந்தது. ஒரு மூலையை விரலால் துடைத்துக் கண்ணை வைத்தாள்.

மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். நடுவில் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்க்.

உடனே அத்தானுக்குப் போன் எடுத்தாள். மணி போனது, எடுத்தார், பின்னால் ஒலிபெருக்கி இரைச்சல்.

“என்னா ஷாமிளா, மேடைக்குக் கூப்புடுற நேரத்துல?”

“அத்தான், எங்க இருக்கீங்க?”

“எங்க இருப்பேன்? கொழும்புலதான், கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறேன்.”

“அக்கா?”

“பக்கத்துல நிக்கிறா, சாரி மடிப்பு சரியில்லைன்னு என் உசிர வாங்குறா. என்னா வேணும் ஒனக்கு? ரிட்டர்ன் போயிருச்சா?”

உள்ளே சுழல் நாற்காலியில் இருந்தது, அத்தான் பேசத் தொடங்குமுன் செய்வதைப் போலவே மோவாயை உயர்த்தியது.

“எல்லோரையும் வரவேற்கிறேன்” என்றது.

மறுமுனையில் அத்தான் போனை வைத்துவிட்டார்.

அத்தானின் குரல்தான். ஆனால் ஒரு கிணற்றுக்குள் எதிரொலித்த குரல் பிறகு இன்னொரு கிணற்றுக்குள் எதிரொலித்தது போல இருந்தது. முகமும் அத்தானுடையதுதான். கொப்பியிலிருந்து எடுத்த கொப்பியிலிருந்து எடுத்த கொப்பி. மூக்கு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. கண்கள் கரிப் புள்ளிகளாகக் கரைந்து கன்னம் வரை சிதறியிருந்தன. பக்கத்தில் அக்கா. எதிரே தொப்பியோடு லாபிர் சேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளுடைய நீலச் சேலையில், அவளுடைய பின்னலோடு, நான்காவது.

“கணக்கறிக்கை” என்றது தொப்பி.

“ஏகமனதாக” என்றன மூன்றும்.

இத்தனை வருடமும் நடந்திருக்கிறது. நடந்ததாக அவளும் மற்றவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். இவர்கள் வந்து நடத்தினார்கள்.

போன் அலறியது. லாபிர் சேர். உள்ளே நான்கு தலைகளும் அசையவில்லை.

“மிஸ், படம் கெடச்சிது. ரிட்டர்ன் ஏறிட்டு! அல்ஹம்துலில்லாஹ். இப்ப ஒங்கட விஷயத்துக்கு கூட்டக் குறிப்புல ரெண்டு வரி புதுசாப் போடுறேன், கேளுங்க. ‘ஷாமிளா அவர்களின் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் கூட்டத்திலிருந்து வெளியேறினார்.’ சரிதானே?”

உள்ளே பின்னல் அசைந்தது.

“சேர்” என்றாள். “சேர், அத போடாதீங்க.”

“என்ன?”

“அந்த வரி வேணாம். சேர், தயவுசெஞ்சு.”

“காலையிலேருந்து என்ட உசிர எடுத்தது நீங்கதானே மிஸ்! திங்கக்கிழம வேலைக்குப் போகணும் எண்டு அழுதது ஆரு?” சேருக்கும் பொறுமை போயிருந்தது. “அடுத்த வரி. ‘அவருடைய இடத்துக்கு, வருகை தந்திருந்த ஒருவர் நியமிக்கப்பட்டார்.’ பேர் பொறகு போடலாம். ஒங்கட அத்தானுக்குக் கதிரை காலியா ஈக்கப்படாதே, மரியாதக் கொறவு. ஏத்திட்டேன். முடிஞ்சிது. முபாரக், டீச்சர்.”

போன் அடங்கியது.

நான்காவது எழுந்தது. கதிரை தரையில் உரசியது. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டது.

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவு திறந்தது.

ஓடு. செருப்பு வழுக்கியது. ஓடு.

சூடான காகித வாசனை. அது அவளைக் கடந்தது. கடக்கும்போதே அதன் முகம் நிரம்பியது. கரிப் புள்ளிகள் ஒன்றுகூடிக் கண்ணாயின. மூக்கு வந்தது. மோவாயில் அவளுடைய மச்சம் வந்தது. அவள் தோளிலிருந்த பையை, தன்னுடையதை எடுப்பது போல, மெல்ல எடுத்து மாட்டிக்கொண்டது. அதற்குள்தான் நியமனக் கடிதம் இருந்தது. அவள் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள். தன் விரல்களைப் பார்த்தாள். ரேகை இல்லை. நகம் இல்லை. ஓரங்களில் கரி.

உள்ளே மூன்று முகங்களும் காலிக் கதிரையைப் பார்த்தன. பிறகு கதவைப் பார்த்தன.

ரப்பர் மரங்களுக்கிடையே நீலச் சேலை ஒன்று வழுக்காமல் இறங்கிப் போனது. பசாரில் பஸ் ஹோர்ன் அடித்தது. சிவப்பு மூடி இரண்டு மரத்துக்கு ஒருமுறை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.

மரக் கதிரை சில்லென்றிருந்தது. எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. அவள் முன்னால் ஒரு கோப்பை பிளேன்டி, ஆவி பறந்தது. வெளியே சிரட்டைகளில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அவளையே பார்த்துக் காத்திருந்தார்கள். நன்றியுரை அவளுடையது.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

“இங்கு வருகை தந்திருந்த அனைவருக்கும்” என்றது அவள் வாய்.