அசையாமல் நிற்கக் கற்றவள்

டாக்டர் கேட்ட கேள்விக்கு அவள் "இல்லை" என்று சொல்லி முடித்த அதே நொடியில், முதுகுக்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

சின்னச் சத்தம்தான். தகர மூடியை நகத்தால் ஒருமுறை அழுத்தி விட்டாற்போல. ஆனால் ஆறு வருடமாகக் குதிரைகளைப் பழக்குகிறவளுக்கு அது எதுவென்று தெரியாமல் போகாது. அவளுடைய கிளிக்கர். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. குதிரை சரியானதைச் செய்கிற கணத்தில் அதை அழுத்த வேண்டும், அடுத்த மூச்சுக்குள் ஒரு கேரட் துண்டை நீட்ட வேண்டும். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. எதைச் செய்தால் டிக் கேட்கும் என்று குதிரையே மெல்ல மெல்லக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். லாயத்தின் நடைபாதையில் யாரும் இல்லை. கிளிக்கர் இருந்த மேல்சட்டை வாசலோரத்து ஆணியில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் நிமிரவில்லை. மூன்றாவது அறையின் வைக்கோலில் கிடந்த சாம்பல் நிறப் பெண்குதிரையின் பக்கத்தில் முழந்தாளிட்டு, ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நாசியோரத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளி இருந்ததால் அதற்கு மூக்குத்தி என்று பெயர். குடல் முறுக்கிக்கொண்டு செத்துப்போயிருந்தது.

"குடல் முறுக்கிக்கிட்டா குதிரை சும்மா இருக்காதும்மா," என்றார். "காலால தரையைக் கீறும். வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்கும். இது ஒண்ணுமே காட்டலைங்கறதுதான் எனக்குப் புரியல."

"அமைதியாத்தான் நின்னுது டாக்டர்," என்றாள் மறுபடியும்.

லாயத்தை நடத்தும் அவளுடைய அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் தோளில் கை வைத்தார். அவள் வாய்க்குள் கேரட்டின் இனிப்பு பரவியது. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

காலையில் நடந்தது வேறு.

குதிரை வைத்திருப்பவர்கள் இருபது பேர் அவளுடைய வித்தையைப் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் சவுக்கடித் தழும்போடு வந்து, கிட்டே போனவர்களையெல்லாம் கடித்துக் குதறிய மூக்குத்தி, இப்போது கட்டாமலே நின்று நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டும். அன்று இரண்டாவது குளம்பைக் காட்டியதும் அது கழுத்தை வளைத்துத் தன் வயிற்றைப் பார்த்தது. முன்னங்காலால் மண்ணைக் கீறியது. மறுபடி வயிற்றைப் பார்த்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் இருபது போன்கள் அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவள் காதுமடலைச் சுட்டது. குதிரை தலையை நேராக்கிய ஒரு கணத்துக்காகக் காத்திருந்து அழுத்தினாள். டிக். கேரட். மறுபடி கால் தூக்கியது. மண்ணைக் கீறாமல் கீழே வைத்தது. டிக். கேரட். வலித்தாலும் வயிற்றைப் பார்க்கக் கூடாது, காலால் கீறக் கூடாது, வேர்த்தபடி சும்மா நின்றால் போதும் என்று மூக்குத்தி நாற்பது நிமிடத்தில் கற்றுக்கொண்டது. கடைசித் துண்டுகளை அது மெல்லவில்லை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்பதுபோல அவளையே பார்த்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குச் சாப்பாடு, அவர்களுடைய கேள்விகள், பாராட்டு. அவள் லாயத்துக்குத் திரும்பியபோது மூன்று மணி. குதிரை அப்போதும் தலையை நேராக வைத்தபடியே நின்றுகொண்டிருந்தது. அவள் கிட்டே போன பிறகுதான் முழங்கால் மடங்கியது.

அடுத்த சில நாள்கள் வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தேற்றினார்கள். பெற்ற பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டாயே என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவள் தலையைக் குனிந்து, சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள். ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ அந்தச் சத்தம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, தீவனப் பீப்பாய்க்குள்ளிருந்து, ஒருநாள் அவள் தலையணைக்கடியிலிருந்து. பின்னாலேயே நாக்கில் இனிப்பு. கிளிக்கரைச் சுத்தியலால் அடித்து நொறுக்கிச் சாணக்குழியில் போட்டாள். அன்று மாலை, நீ பழக்கின குதிரை சாகும்போதுகூட அடம்பிடிக்கவில்லை பார் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னபோது, அவள் பேசாமல் நின்றாள். காதோடு காதாகக் கேட்டது, டிக்.

அண்ணியிடம் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் சமையலறைக்குப் போனாள். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் வெளிறிய முகத்தைப் பார்த்துவிட்டு, அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

"அப்படியே உங்க அண்ணனுக்கும் டிக்கு டிக்குன்னு ஏதாவது கத்துக்குடேன். ஈரத் துண்டைக் கட்டில்ல போடாம இருந்தாப் போதும்."

"அண்ணி, அன்னிக்குக் காலையில..."

அதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை. கூசியது. உடம்பே கூசியது. அண்ணி கத்தியை வைத்துவிட்டு, என்னம்மா என்று கேட்டாள். அவள் ஒன்றுமில்லை என்றாள். உடனே டிக். இனிப்பு. தோள்கள் தானாகத் தளர்ந்தன, மூச்சு சீரானது, நெஞ்சில் ஒரு சுகம் இறங்கியது. அவளுக்கு அழுகை வந்தது அந்தச் சுகத்தை நினைத்துத்தான். சத்தம் வருமா வருமா என்று தான் காத்திருந்தது அவளுக்கே தெரிந்தது. எந்தக் குதிரையை எந்தப் பக்கமாக எப்படித் திருப்புவது என்று அறிந்தவள் அவள். இப்போது தன்னை ஒன்று திருப்பிக்கொண்டிருக்கிறது என்பதை அறிய அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

புது வேலை எடுக்க வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டும், அண்ணன் ஒரு செம்பழுப்புக் குதிரையை அழைத்து வந்து நான்காவது அறையில் விட்டார். அதைப் பரிசோதிக்க டாக்டர் வந்த நாள் மத்தியானத்திலிருந்தே அவளுக்கு வயிற்றின் வலப்பக்கம் அடியில் குத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் அது இரைந்த இரைச்சலில், நனைந்த வைக்கோலும் குதிரை மூத்திரமும் தோல்பட்டைகளும் கலந்து நாறிய அந்த நீண்ட நடைபாதையில், ஒரே ஒரு பல்பின் மஞ்சள் வெளிச்சம் கம்பிகளின் நிழலைத் தரையில் ஏணிபோல நீட்டிப் போட்டிருக்க, அவள் சுவரைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். வலி சுருண்டது. அண்ணனைக் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடாமல் நிமிர்ந்தாள்.

டிக்.

வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். டிக். மூன்றாவது அறைப் பக்கம் ஒரு அடி வைத்தாள். டிக். மூக்குத்தியை முதன்முதலாக வண்டியில் ஏற்றியது இப்படித்தான், அடி அடியாக, கயிறே இல்லாமல். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கவில்லை. கதவைத் தாண்டினாள். உள்ளே போய் நடுவில் நின்றாள். கதவைப் பார்த்துத் திரும்பி நின்றாள். டிக்.

பக்கத்து அறையில், ஒரு பலகைச் சுவருக்கு அப்பால், டாக்டர் அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாயைத் தெறந்து சொல்லாது பாருங்க. அதனால மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாக்கணும். இப்படி அழுத்தி விட்டா வெளுக்கும். ரெண்டு நொடில சிவப்பு திரும்பிடணும். திரும்பலைன்னா உள்ள ஏதோ பெருசா நடக்குதுன்னு அர்த்தம்."

கை நீட்டினால் தட்டிவிடக்கூடிய பலகை. அவள் கை நீட்டவில்லை. உள்ளே எதுவோ அறுந்தது. சூடாக. பல்லைக் கடிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. முகம் சாந்தமாக இருந்தது. அது அப்படி இருப்பது அவளுக்கே தெரிந்தது.

அண்ணனும் டாக்டரும் வெளியே வந்தார்கள். அரைக்கதவுக்கு மேலாக அண்ணன் எட்டிப் பார்த்தார். அவள் அவர் கண்ணையே பார்த்தாள். அன்று காலையில் நடந்ததை, இப்போதைய வலியை, எல்லாவற்றையும் கண்ணாலேயே கொட்டிவிடப் பார்த்தாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "இங்க வந்து நின்னாத்தான் அவளுக்கு நிம்மதி டாக்டர். நாம போலாம்."

காலடிகள் தேய்ந்தன. மழைக்குள் கலந்தன. யாரோ பல்பை அணைத்தார்கள்.

அவளுக்குப் பின்னால் வைக்கோல் சரசரத்தது.

படுத்திருந்த ஒன்று எழுந்தது. முதலில் முன்னங்கால்கள். பிறகு, ஒரு முனகலோடு, கனமான பின்பாகம். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. தூசி அவள் கழுத்தில் விழுந்தது.

திரும்பக் கூடாது.

திரும்பவில்லை.

ஒரு குளம்பு. இன்னொன்று. அவளைச் சுற்றி முன்னால் வந்தது. இருட்டில் இருட்டாக. ஆறிப்போன வேர்வையின் நாற்றம். புளித்த புல்லின் நாற்றம். மூச்சு மட்டும் இல்லை. மீசை மயிர்கள் அவள் கன்னத்தில் உரசின. குளிர்ந்த, மெத்தென்ற ஒன்று அவள் மேலுதட்டுக்கடியில் நுழைந்து, உதட்டை மேலே தூக்கியது. ஈறை அழுத்தியது. விட்டது.

தூரத்தில் டாக்டரின் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

சிவப்பு திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே நின்றது.