கூரைக் கல்

மலை என்பது வெறும் கல், அதற்குக் காது கிடையாது, அது யாருக்கும் வீடு கட்டித் தராது. இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொல்லவே தான் பிறந்திருப்பதாகப் புகழேந்தி மனதார நம்பினான். திருவண்ணாமலைச் சரிவில் கல்மேல் கல் அடுக்கிச் சொந்த வீடு வேண்டிக்கொள்கிறவர்களைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் அவன் எழுதிய கட்டுரைக்கு ஹாஸ்டலே சிரித்தது. அறை நண்பன் அறிவுச்செல்வன் மட்டும் சிரிக்கவில்லை. அதைப் புகழேந்தி கவனிக்கவில்லை.

அந்த அறிவுதான் மலைக்குக் கூப்பிட்டான். இருவரும் வேலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செங்கம் ரோட்டில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். மறுநாள் பன்னும் வாழைப்பழமும் தின்றுவிட்டு, வெயில் சாயும் நேரத்தில், ஆடு மேய்க்கிறவர்கள் போகும் தடத்தில் ஏறினார்கள். மலை ஏறத் தடை இருந்தது; அந்தப் பக்கம் காவலர் நிற்கமாட்டார்.

பாதி வழியில் அறிவு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து கல் பொறுக்கினான்.

"இன்னாடா பண்றே?"

"அம்மாவுக்குடா. ஓனர் மறுபடியும் காலி பண்ணச் சொல்லிட்டான்."

"நாலு கல்லு அடுக்கினா ஜோதியம்மா கையில சாவி வந்துடுமா?"

"சும்மா இருடா. இதான் கூரை." உள்ளங்கை அகலத்தில், தட்டையாக, சிவப்பாக இருந்த கல்லை அவன் உச்சியில் வைத்தான். வைத்தபின் ஒரு நொடி கண்ணை மூடினான்.

புகழேந்தி ஷூ முனையால் லேசாகத் தட்டினான். "அப்ரூவல் இல்லாத கட்டடம். இடிச்சாச்சு."

கூரைக் கல் துள்ளி, சரிவில் உருண்டு, புல்லுக்குள் மறைந்தது. அறிவு எழுந்தான். கல் போன திசையையே பார்த்தான்.

"நீ போய்க்கினே இரு. நான் அத்த எடுத்தாந்து அடுக்கிட்டு வரேன்."

புகழேந்தி மேலே ஒரு மொட்டைப் பாறையில் போய் உட்கார்ந்தான். கீழே கோபுரங்கள் பொம்மை போலத் தெரிந்தன. பஸ் ஹாரன் சத்தம் காற்றில் தேய்ந்து கொசு ரீங்காரமாக வந்தது. நாளெல்லாம் வெந்த பாறை விட்ட சூட்டில் எலுமிச்சைப் புல்லின் வாசனை மூக்கில் ஏற, அதற்கு நடுவே, சரிவின் வளைவுக்கு அந்தப் பக்கம், கல்மேல் கல் வைக்கும் சத்தம் நிதானமாகக் கேட்டது. டக். சற்று இடைவெளி. டக். அந்தச் சத்தம் இருக்கும்வரை அறிவு இருக்கிறான் என்று அவன் நிம்மதியாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

விழித்தபோது சூரியன் போயிருந்தது. சத்தம் போகவில்லை.

"டேய், மாடி வீடா கட்றே?" என்று கத்தினான்.

டக்.

"இருட்டுது. வாடா."

டக்.

கோபம் வந்தது. பாறையிலிருந்து இறங்கினான். வளைவைத் தாண்டி செல்போன் லைட்டை அடித்தான். அவன் இடித்த கற்கள் இடித்தபடியே சிதறிக் கிடந்தன. பக்கத்தில் செருப்பு, ஜோடியாக. யாரும் எதையும் அடுக்கியிருக்கவில்லை.

டக். இப்போது பள்ளத்திலிருந்து.

புல்லைப் பிடித்துப் பிடித்துச் சறுக்கி இறங்கினான். அறிவு மல்லாந்து கிடந்தான். நெற்றியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதில் எறும்பு வரிசை. உடம்பு பாறையைவிடச் சில்லென்றிருந்தது. விழுந்து நேரமாகியிருந்தது. வெயில் இருந்தபோதே. வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. விரல்களுக்கு இடையில் சிவப்பாக, தட்டையாக, அந்தக் கல்.

"அறிவு. டேய். எழுந்திர்றா."

தூக்கிப் பார்த்தான். முடியவில்லை. மேலே, கற்கள் சிதறிய இடத்துக்கே ஏறி வந்து அவசர உதவி எண்ணுக்குப் போன் போட்டான்.

"ஆளுங்க வர்றாங்க தம்பி," என்றது ஒரு குரல். "ரெண்டு மணி நேரம் ஆவும். எடத்த விட்டு நகராதீங்க. லைட்ட அணைச்சி சார்ஜ மிச்சம் பண்ணுங்க."

அணைத்தான். இருட்டில் அந்த டக் இன்னும் கேட்டது.

பள்ளத்தில் அறிவின் சட்டைப் பையிலிருந்து ரிங்டோன் கேட்டது. அந்த நேரத்துக்குத் தினமும் கூப்பிடுவது ஜோதியம்மாள்தான். சாப்பிட்டியா என்று கேட்கத்தான். நின்றது. மறுபடி அடித்தது. நின்றது.

டக் சத்தமும் நின்றது.

அதுதான் தாங்க முடியவில்லை. அவன் ஷூவைக் கழற்றினான். செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான். இருட்டில் தடவித் தடவி, இடித்த கற்களைத் தேடினான். ஒன்றை வைத்தான். அதன்மேல் ஒன்று. சரிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான்.

"அம்மாவுக்கு," என்றான். வேறு எப்படி வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

நான்கு கல் நின்றது. இனி உச்சிதான். தட்டையாக ஒன்று வேண்டும். பக்கத்தில் துழாவினான். உருண்டைக் கல். கூர்க் கல். மண். கையை இன்னும் நீட்டினான்.

பள்ளத்துப் பக்கம் புல் சரசரத்தது.

நீட்டிய கையில் ஏதோ வைக்கப்பட்டது. தட்டையாக. சில்லென்று.

வைத்த விரல்கள் உடனே விலகவில்லை.