கால் ஸ்பூன் கடல்பாசி

"ஐயோ... போச்சே! என் கடல்பாசி போச்சே!"

திண்டிவனத்தைத் தாண்டி இருந்த அந்தத் தனியார் ஆராய்ச்சிக்கூடமே அதிர்ந்தது.

அலறியவர் டாக்டர் வேங்கடேசன். மரக்காணம் கடல்பாசியில் வைரஸைக் கொல்லும் மருந்து கண்டுபிடித்தவர். அவர் செருப்பில் கடல்மணலை மட்டும் யாரும் கண்டுபிடித்ததில்லை!

இன்ஸ்பெக்டர் லூர்துசெல்வி கேன்டீனுக்குள் நுழைந்தாள்.

"லேப் ஃப்ரிட்ஜ் ரிப்பேரு மேடம். கேன்டீன் ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். ஒரு டப்பா பவுடர்... காணோம்!"

"டப்பா மேல என்ன எழுதியிருந்தீங்க?"

"கடல்பாசின்னு."

"ஆபத்தான பொருளா?"

நிதி கொடுக்கலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து வந்த நால்வர் பக்கத்து மேஜையில் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி டாக்டர் குரலை உயர்த்தினார்.

"கால் ஸ்பூன் போதும் மேடம்... வைரஸ் என்ன, ஆளே குளோஸ்!"

கேன்டீன் மாஸ்டர் தொம்மையின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"சேசுவே! நான்தாம்மா எடுத்தேன். பாலு, சக்கரை போட்டுக் காய்ச்சி... கப்புல ஊத்தி வெச்சிட்டேன்!"

லூர்துசெல்விக்குத் தலை சுற்றியது. கல்யாணப் பந்தியில் தளதளவென்று ஆடுமே, அந்தக் கடல்பாசி இனிப்புக்கான பவுடர் என்று நினைத்துவிட்டார்!

"யாரு யாரு சாப்ட்டாங்க அண்ணே?"

"இவுங்க நாலு பேரு... டாக்டர் சாரு ரெண்டு கப்பு."

அவ்வளவுதான்! நால்வரும் வாஷ்பேசினுக்குப் பாய்ந்தார்கள். இருந்தது ஒரே பேசின். வயதில் மூத்தவர் முந்திக்கொண்டார்.

"கொலை முயற்சி! இந்த ஆளை உள்ள தள்ளுங்க!" டாக்டர் கர்ஜித்தார்.

"வூட்லகூட சொல்லிக்கினு வரலியேம்மா..." தொம்மை அழுதார்.

விலங்கு அவர் மணிக்கட்டை நெருங்கியது...

நின்றது!

டாக்டர் உதட்டோரப் பாலை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்... அவுங்க ஒரு கப்புக்கே குடலைக் கக்கிக்கினு இருக்காங்க. ரெண்டு கப்பு அடிச்ச நீங்க எப்படி ஜாலியா நின்னுக்கினு இருக்கீங்க?"

"எனக்கு... எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி..."

"அதை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில பாத்துக்கலாம். மூக்கு வழியா டியூப் உட்டு, மொத்தமா உறிஞ்சி எடுத்துருவாங்க. ஏறுங்க ஜீப்புல, ஜல்தி!"

டியூப்!

டாக்டரின் முகம் வெளுத்தது.

"வேணாம் மேடம்! அது... விழுப்புரம் மளிகைக் கடையில வாங்குன சாதா கடல்பாசி!"

வாஷ்பேசின் சத்தம் சட்டென்று நின்றது. நான்கு தலைகள் திரும்பின.

விலங்கு மணிக்கட்டை மாற்றிக்கொண்டது!

தொம்மை கண்ணைத் துடைத்தார். "ஒரு கப்பு மிச்சம் கீதும்மா. கொட்டிடட்டுமா?"

"தடயத்தை அழிக்கக் கூடாது அண்ணே..." லூர்துசெல்வி ஸ்பூனை எடுத்தாள். "நானே பத்திரமா உள்ள வெச்சிக்கறேன்!"