ஒற்றைக் கொக்கி அம்பு

அன்று பிற்பகல் கோர் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர்தான். குடும்பத்துக்குப் பெரியவரான புவியியலாளர். அவரிடமே தொழில் கற்று அவருக்குக் கீழேயே வேலை பார்த்த ஒரே மகள். துளையிடும் ரிக்கை ஓட்டிய அவள் கணவர், அதாவது வீட்டு மாப்பிள்ளை. என்ஜினைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக், எல்லோரும் ஆயில் என்றே கூப்பிடுபவன். ஐந்தாவதாக ஓர் ஆள் இருந்தார் என்று சொல்பவர்கள் அங்கே இல்லாதவர்கள்.

பெரியவர் கண்ணில் முதலில் பட்டது ஒரு சின்னத் தவறு. மழை வரப்போகும் மங்கலான வெளிச்சத்தில், டீசல் வாடையும் அரைபட்ட கல்லின் ஈர மணமும் தகரக் கூரைக்கு அடியில் தேங்கி நின்ற அந்தக் கொட்டகையில், அவர் வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தட்டுகளைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். தட்டுகளில் கோர்கள் வரிசையாகக் கிடந்தன. ரிக்கின் குழாய் பூமிக்குள் இறங்க இறங்க அதன் வயிற்றுக்குள் புகுந்து மேலே வரும் உருளைப் பாறைக்குத்தான் கோர் என்று பெயர். வந்ததும் அதன் முதுகில் சிவப்புப் பென்சிலால் ஒரு நீளக் கோடும் ஓர் அம்பும் போட்டுவிட வேண்டும். அம்பு எப்போதும் துளை இறங்கும் பக்கத்தைக் காட்டும். கடைசித் துண்டில் அது மேல்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, இதைத் தலைகீழா வெச்சிருக்கீங்க."

மாப்பிள்ளை ரிக்கிலிருந்து இறங்கி, சேற்றுக் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். "இல்லையே மாமா. குழாயிலேர்ந்து வந்த மாதிரியேதான் வெச்சேன்."

"அம்பு மேல பாக்குதே. தொழிலுக்கு நேத்து வந்தவன் செய்யற தப்பு இது."

கல் அறுக்கும் மேசையிலிருந்து மகள் தலையை உயர்த்தினாள். "எந்த அம்புப்பா? அந்தத் துண்டுக்கு நான் இன்னும் கோடே போடலையே. இப்பதானே வந்துச்சு."

பெரியவர் துண்டை எடுத்து முந்தைய துண்டோடு பொருத்திப் பார்த்தார். உடைந்த முகங்கள் இரண்டும் பல்லோடு பல்லாகப் பொருந்தின. மாப்பிள்ளை சரியாகத்தான் வைத்திருந்தார். கோடுதான் தவறு. அதைத் தண்ணீரில் கழுவினார், கட்டைவிரலால் தேய்த்தார், பேனாக்கத்தியால் சுரண்டினார். கல் தூளாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்துக்குக் கீழேயும் கோடு இருந்தது.

அதைவிட மோசம் அம்பின் வடிவம். மற்றவர்கள் அம்புமுனைக்கு இரண்டு பக்கமும் கொக்கி போடுவார்கள். இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான், இடப்பக்கம் மட்டும், கை எடுக்காமல் ஒரே இழுப்பு. அவருடைய அப்பா போட்டது அது. அப்பாவுக்குப் பிறகு அவர் அந்த அம்பைப் பாலைவனங்களிலும் காடுகளிலும், குளிரில் விரல் மரத்துப்போகும் மலைகளிலும் போட்டு வந்திருக்கிறார். எந்த நாட்டுக் கிடங்கில் எந்தத் தூசி படிந்த தட்டைத் திறந்தாலும், ஒற்றைக் கொக்கியைப் பார்த்ததும், இது யார் வீட்டுக் கை என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். சொந்தக் கல்யாணத்துக்கே பூட்ஸ் சேற்றோடு வந்து நின்றவர் அவர். கல்லின் நிறமும் மணியும் நனைந்தால்தான் தெரியும் என்பதால் எதைக் கையில் எடுத்தாலும் நாக்கில் ஒரு தீற்றுத் தீற்றிவிட்டுத்தான் பார்ப்பார். மகள் கல்யாணத்தில் சம்பந்தி அதை வைத்து நையாண்டி செய்தார்: "உங்க வீட்ல சாப்பிடறதுக்கு முன்னாடி கல்லத்தான் நக்குவீங்களாமே?" பெரியவர் முகம் மாறாமல் பதில் சொன்னார்: "ஆமா. சரியில்லன்னா துப்பிடுவோம்." அன்றைக்குப் பந்தியே சிரித்தது.

இப்போது அதே பழக்கத்தில் அந்தக் கோட்டின்மேல் நாக்கை வைத்தார். உப்பு. உப்புக்குப் பின்னால் வேறொன்று. துப்பினார்.

இந்தக் கொக்கியைப் போடத் தெரிந்தவர்கள் உயிரோடு மூன்று பேர். அவர் போடவில்லை. மகள் பொய் சொல்ல மாட்டாள். மாப்பிள்ளையோ கொஞ்ச நாளாகவே இந்தத் துளையை மூடிவிடலாம் என்று முனகிக்கொண்டிருந்தார். ரிக் தள்ளாமலே குழாய் இறங்குகிறது, கீழேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். செம்பு இன்ன ஆழத்தில் இருக்கிறது என்று நில உரிமையாளர்கள் சபையில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தவர் பெரியவர். பாதியில் மூடினால் சிரிப்பார்கள். அவரைப் பார்த்து மட்டும் அல்ல, அப்பாவையும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

"இந்தக் கொக்கியை உனக்குக் கத்துக் கொடுத்ததே நான்தானே?" என்றார் பெரியவர்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளையை அவர் நீங்கள் என்றுதான் அழைத்திருக்கிறார். அந்த ஒருமையைக் கேட்டு ஆயில்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"நான் போடல மாமா."

"குடும்பக் கையெழுத்தை வெச்சே குடும்பத்தைக் கவுக்கப் பாக்கறியா?"

"மாமா, என் பேச்சைக் கொஞ்சம்..."

அறைந்தார். புறங்கையால், முழுப் பலத்தோடு. மோதிரம் உதட்டைக் கிழித்தது. மாப்பிள்ளை தட்டு அடுக்கின்மேல் சரிந்தார். கோர்கள் உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தன. அவர் எழுந்திருக்கும் முன் பெரியவர் இரண்டாவது தடவையும் கை ஓங்கினார்.

"அப்பா!" மகள் நடுவில் வந்து நின்றாள். "இன்னொரு அடி விழுந்துச்சுன்னா உங்களுக்குப் பொண்ணே இல்லைன்னு நெனச்சுக்கோங்க."

மாப்பிள்ளை எழுந்தார். தாடையிலிருந்து ரத்தம் சொட்டியது, துடைக்கவில்லை. அவருக்கும் முதுகு வளையாது. "சரி மாமா. அடுத்ததை உங்க கண்ணு முன்னாடியே எடுக்கறேன். குழாயை நீங்களே திறங்க. கோடு இல்லைன்னா இனிமே உங்க வீட்டு வாசல்ல நான் கால் வைக்கல. இருந்தா, மூடிடணும்."

"சொன்ன ஆழத்துக்கு முன்னால நாங்க எதையும் மூடினதில்ல. போய் எடு."

"மாமனாரும் மருமகனும் சண்டை போட்டா கஷ்டம் என்ஜினுக்குத்தான்" என்று ஆயில் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

ரிக் உறுமியது. கொட்டகையின் திறந்த பக்கத்துக்கு வெளியேதான் அது நின்றது. கோபுரமும் சங்கிலியும் சுழலும் குழாயும் பெரியவரின் பார்வையைவிட்டு விலகவே இல்லை. குழாய் மேலே வந்தது. மாப்பிள்ளையும் ஆயிலும் அதைத் தூக்கி வந்து மேடையில் கிடத்தினார்கள். பெரியவர் தாமே மூடியைத் திருகினார், தாமே தட்டினார். கோர் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, பிறந்த குட்டிபோல் சூடாக, சேறு பூசி.

சேற்றை வழித்தார்.

கோடு இருந்தது. அம்பு மேலே பார்த்தது.

மகள் பெருமூச்சு விட்டாள். "இப்பவாவது நம்புங்கப்பா." ஆனால் பெரியவர் கோரின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பாதி கெட்டியாக இல்லை. வட்டமாக, வழவழப்பாக, வளையல்போல் உள்ளீடற்று இருந்தது. விரலை உள்ளே விட்டார். சுவரில் துளைக்கும் பற்கள் சுற்றிய தடம், அடியிலிருந்து மேலாக ஏறியது. இந்தக் கோருக்குள்ளிருந்து வேறு யாரோ ஒரு கோரை எடுத்துப்போயிருந்தார்கள்.

அம்பு துளை போகும் திசையைக் காட்டும். தொழிலில் அதற்கு வேறு பொருளே கிடையாது. போட்டவர்கள் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அவர்களுடைய துளை மேலே வந்துகொண்டிருந்தது.

பெரியவர் விரலை வெளியே எடுத்தார். நிறுத்து என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு வரை வந்தது. ரத்தம் சொட்டும் முகத்தோடு மாப்பிள்ளை எதிரே நின்றிருந்தார். அவர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

"இன்னொண்ணு எடு" என்றார்.

மாப்பிள்ளை அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ரிக்குக்குப் போனார்.

குழாய் இறங்கியது. பிறகு விழுந்தது. சங்கிலி அறுந்து சுழன்று கோபுரத்தில் அடித்தது. ரிக் முழுவதும் கீழ்நோக்கி ஒருமுறை குனிந்தது. ஆயில் பாய்ந்து என்ஜினை அணைத்தான்.

அமைதி. கூரையில் முதல் துளிகள்.

சுழலும் சத்தம் நிற்கவில்லை.

"நான் ஆஃப் பண்ணிட்டேன் சார்" என்றான் ஆயில். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "சாவி என் கையில சார்."

சத்தம் துளைக்குள்ளிருந்து வந்தது. பிறகு துளைக்குப் பக்கத்திலிருந்து. பிறகு கொட்டகையை நோக்கி நகர்ந்தது. வாளித் தண்ணீரில் வட்டங்கள். தட்டுகளில் கோர்கள் ஒன்றோடொன்று மெல்ல மோதிக்கொண்டன. தரைத் தூசி ஓர் இடத்தில் கூடியது, கலைந்தது, இன்னோர் இடத்தில் கூடியது. எதையோ தேடுவதுபோல்.

மகளின் காலடியில் கூடியது.

"நகரு!" மாப்பிள்ளை மழைக்குள்ளிருந்து ஓடிவந்தார். மனைவியின் தோளைப் பிடித்துத் தூக்கி எறிந்தார். அவள் மேசையில் போய் விழுந்தாள். அவள் நின்ற இடத்தில் அவர் நின்றார்.

சிமெண்டில் ஒரு வட்டம் தோன்றியது.

அவர் காலைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். பூட்ஸ் தரையோடு சேர்ந்து சுற்றியது. முழங்கால் சுற்றவில்லை. கணுக்காலில் ஏதோ முறிந்தது.

"மாமா" என்றார். கோபமே இல்லாத குரல்.

பெரியவர் ஓடினார். இரண்டு கைகளையும் பிடித்தார். இழுத்தார். சத்தம் இப்போது தரையில் இல்லை. மாப்பிள்ளைக்குள் இருந்தது. தொடையில். இடுப்பில். எலும்பு அரைபடும் அதிர்வு உள்ளங்கை வழியாகப் பெரியவரின் பல்லுக்கு ஏறியது. மாப்பிள்ளையின் வாய் திறந்தது. கத்தல் வரவில்லை. சேறு வந்தது. கல் அரைத்த, சூடான, சிவந்த சேறு.

மகள் அலறினாள். ஆயில் ஓடிவந்து மாப்பிள்ளையின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். வழுக்கியது. மறுபடி பிடித்தான்.

நெஞ்சு வரை ஏறியது. நின்றது.

பெரியவருக்குத் தெரியும் அடுத்தது என்ன என்று. வாழ்நாள் முழுக்கச் செய்தது அது. குழாய் நிரம்பியதும் சுழற்சியை நிறுத்துவார்கள். பிறகு ஒரு சிறு வெட்டு இழுப்பு. கோர் அடியில் முறிந்து குழாயோடு வந்துவிடும்.

"வேண்டாம்" என்றார் தரையைப் பார்த்து. "நிறுத்திட்டோம். மூடிட்டோம். வேண்டாம்."

வெட்டு இழுப்பு.

மாப்பிள்ளையின் கண்கள் அவரைப் பார்த்தபடியே நின்றுபோயின. தரைக்கு அடியில், நிறைந்த குழாய் ஒன்று கனத்தோடு, அவசரமில்லாமல் இறங்கிப்போகும் சத்தம் கேட்டது.

அறைந்த கோபத்தில் மாமனாரே மருமகனை ரிக்கில் தள்ளிவிட்டார் என்று வெளியே பேசுகிறார்கள். அது பொய். ரிக் நின்றுபோயிருந்தது, சாவி ஆயில் கையில் இருந்தது. அவர் தள்ளவில்லை. கடைசிவரை இழுத்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் மாப்பிள்ளை வந்தார். தோளும் முகமும் கையும் குலையாமல், உள்ளே ஒன்றுமே இல்லாமல், ஒரு சட்டையின் எடையில் வந்தார்.