மனிதச் சான்று

காலைப் பலகாரத்துக்கு முன்பே பியூலா ஒரு விவாகரத்தையும் இரண்டு அண்ணன் தம்பிச் சண்டைகளையும் கேட்டு முடித்திருந்தாள். கேட்பதுதான் அவள் தொழில். ஒரகடத்தில், நாற்பதாவது மாடி வீட்டில், விழிக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நிழலூர் வந்துவிடும். ஆபீசு, சந்தை, கல்யாணம், கருமாதி எல்லாம் அங்கேதான். அவளுடைய நிழலுரு பூங்கா பெஞ்சில் காத்திருக்கும். மனக்குறை உள்ளவர்கள் வந்து பேசுவார்கள். நிமிடக் கணக்கில் காசு தருவார்கள். வீட்டு வாடகை அதில்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்று அவளுக்குப் பலகாரத்தில் கை போகவில்லை. கேட்பாளர்கள் மனிதரா, பொறியாளா என்று நெற்றியில் முத்திரை போட வேண்டுமாம். புதுச் சட்டம். பொறியாள் என்றால் கணினி செய்துவிட்ட ஆள். மனிதரென்று பொய் சொல்லும் பொறியாளை நிழலூரிலிருந்தே அழித்துவிடுவார்கள். அதன் சம்பாத்தியமும் பறிபோகும். பியூலாமேல் யாரோ சந்தேகப் புகார் கொடுத்திருந்தார்கள். விசாரணை அன்றைக்கு.

“ஏங்க, பயமா இருக்குங்க” என்றாள்.

எதிர் நாற்காலியில் விழிக்கவசத்தோடு இருந்த அவள் புருஷன் அருமைநாயகம், “ம்” என்றான்.

நிழலூர் விசாரணை அறையில் அதிகாரி எதையும் கேட்கவில்லை. தன் தாயாரின் கடைசி நாட்களைச் சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி, மூச்சுத்திணறல், கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் போனது. பியூலா அசையாமல் கேட்டாள். கண் கலங்கியது. “உங்க கையையாவது பிடிச்சாங்களா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். “தேறலம்மா. இவ்வளவு நேரத்துல உங்க பார்வை ஒரு தடவைகூட வேற பக்கம் போகல. ‘எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்’னு உங்க கதையை ஆரம்பிக்கல. மனுஷங்க யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க.”

“சார், அது என் பொழைப்பு சார்! பழகிப்போச்சு!”

“கூட இருக்கறவங்க யாராவது சாட்சி சொல்லலாம்.”

அவள் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அருமைநாயகத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள். விஷயத்தைச் சொல்வதற்குள் நாக்கு குழறியது. அவனும் பதறிப்போய்த் தன் கவசத்தைக் கழற்றினான். அதிகாரியின் குரல் சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் வந்தது.

“உங்க மனைவி எப்படி இருப்பாங்க? சொல்லுங்க.”

“நல்லா இருப்பா சார்.”

“அதைக் கேக்கல. முகம், முடி...”

அருமைநாயகம் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். “முடி... நரைச்சிருக்கு சார்” என்றவன், குரல் இறங்கி, “எப்ப பியூலா நரைச்சுது?” என்றான்.

அவ்வளவுதான். “எப்பவா? இங்கதானே உக்காந்திருக்கேன்! உங்க மூஞ்சிக்கு நேரா!” என்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. அதிகாரி, “அம்மா, ஒரு நிமிஷம்” என்றார். “நீங்க சும்மா இருங்க சார்!” என்றாள். அவர் மறுபடி ஏதோ சொல்ல வந்தார். அது அவள் காதிலேயே ஏறவில்லை. மூச்சு வாங்கி அவள் ஓய்ந்தபோது அவர் குரலில் நிம்மதி தெரிந்தது.

“சந்தேகமே இல்லை. மனுஷிதான்.”

நெற்றியில் ‘மனிதர்’ என்று பச்சை முத்திரை ஒளிர, பிற்பகலில் பெஞ்சுக்குப் போனாள். வழக்கமாக வரும் வடமலை தூரத்திலேயே நின்றுவிட்டார். பேத்தி எடுத்த வயசு. தன் மகனைப் பற்றி அவளிடம் எத்தனையோ முறை அழுதவர்.

“வாங்கய்யா, உக்காருங்க.”

“நீ மெஷினுன்னு நெனச்சுத்தாம்மா அவ்வளவையும் கொட்டினேன்” என்றார் கூச்சத்தோடு. “மனுஷங்க கிட்ட சொன்னா உள்ளுக்குள்ள ஒரு கணக்குப் போடுவாங்க. தப்பா எடுத்துக்காதே.”

அவர் பூங்காவின் மறுபக்கம் போனார். நெற்றியில் ‘பொறியாள்’ என்று எழுதிய கேட்பாளர்களின் பெஞ்சுகள் முன்னால் வரிசை வளைந்து நின்றது. அவளைத் தெரிந்த எல்லோரும் அதில் இருந்தார்கள். சாயங்காலம்வரை யாரும் வரவில்லை.

வாடகைக்கு என்ன செய்வது? அருமைநாயகத்திடம் சொல்லலாமென்று கவசத்தைக் கழற்றினாள். அவன் தன் கவசத்துக்குள் யாரிடமோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தான்.

“...இன்னைக்குத்தான் அவ முகத்தைப் பார்த்தேன். ரொம்ப எளைச்சுப் போயிட்டா. அவளை அழிச்சிடுவாங்களோன்னு ஒடம்பே நடுங்கிடுச்சு. அவ இல்லாம நான் என்ன செய்வேன்? இதை அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ மெஷினு, உன்கிட்டன்னா வருது...”

கை நீட்டினால் தொடும் தூரம். பியூலா மூச்சுகூட விடாமல் கேட்டாள். அவன் அழுதான். பொறியாள் என்ன ஆறுதல் சொன்னதோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ரொம்ப நன்றி” என்றான். அவன் கை கவசத்தை நோக்கி உயர்ந்தது.

அவன் அதைக் கழற்றுவதற்குள் பியூலா அவசர அவசரமாகத் தன்னுடையதை மாட்டிக்கொண்டாள்.