நிமிர்ந்து பார்த்த கண்கள்

பள்ளிக்கூட வாசலில் மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் கொட்டகைக்குள் ஓடிப்போய் ஒதுங்கினாள் அவள். அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றிருந்தான்... ஒரு கையில் ஷூ, இன்னொரு கையில் பிழிந்த சாக்ஸ். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சுக்கோங்க. அந்தப் பள்ளத்துல அடுத்து நீங்கதான் கால வைக்கப் போறீங்க," என்றான்.

சொன்னவன் கண்களிலும் சிரிப்பு. கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு; நாள் முழுக்கக் கண்களையே பார்த்துப் பழகியவள். ஆனாலும் இந்தக் கண்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, அவசரமாக மழையைப் பார்த்தாள்.

மழை விட்டதும் பள்ளத்தைத் தாண்டிக் குதித்துப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது...

சற்று நேரத்தில், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில், சின்னப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈர ஷூவோடு வந்து நின்ற வகுப்பாசிரியர் அவனேதான்.

அக்காவுக்கு லீவு கிடைக்காததால் சித்தியான அவள் வந்திருந்தாள். அக்கா மகள் வாலு கொஞ்ச நாளாகத் தலைவலி என்கிறாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறாள். வகுப்பில் பாடம், கணக்கு, படம் வரைவது எல்லாமே டேப்லெட்டில்தான். தன் மகனுக்குப் பென்சில் பிடிக்கவே வரவில்லை என்று ஓர் அப்பா முணுமுணுத்தார். எழுந்து கேட்டவள் அவள்.

"ஏழு வயசுப் பிள்ளைங்க சார். நாள் பூரா ஒரு சாண் தூரத்துல திரையையே பாத்துட்டு இருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

அவன் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். பின்தங்கிய பிள்ளைகள் அவரவர் வேகத்தில் படிக்கிறார்கள், வாயே திறக்காதவர்கள்கூட அதில் பதில் போடுகிறார்கள் என்றான். அவள் விடவில்லை. பாடம் நடத்துவது வாத்தியாரா, மெஷினா என்று கேட்டுவிட்டாள். அவன் முகம் சுருங்கியது.

"வீட்டுல சோறு ஊட்டுறப்ப கையில போனக் குடுக்கறது யாருங்க?"

அப்படிக் கொடுத்து ஊட்டுகிறவள் சாட்சாத் அவள்தான். சுருக்கென்றது. உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பெற்றோர் எல்லாரும் சேர்ந்து நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். அவளும் போனாள். தினமும் காலையில் வாலுவை விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். வாசலில் அவன் நிற்பான். பிள்ளைக்கு வணக்கம் சொல்வான், சித்தி பக்கம் திரும்பமாட்டான். அவளும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு பேருக்கும் வீம்பு. அவன் வராத நாளில் மட்டும் அவள் கண்கள் தாமாகத் தேடின... நாள் முழுக்க யார் யார் கண்ணுக்கோ விளக்கு அடித்துப் பார்க்கையில் அவன் கண்கள்தான் நினைவுக்கு வந்தன.

"பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்றதுக்கு எதுக்குடி இவ்ளோ அலங்காரம்?" என்றாள் அக்கா. அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து வைத்துவிட்டு, வாலுவுக்குக் கதை சொல்லி ஊட்டப் பழகினாள். கதையும் முடியாது, சோறும் இறங்காது. அப்படி ஒரு வேளையில்தான் வாலு சொன்னாள், இப்போதெல்லாம் மத்தியானம் வரை டேப்லெட் அலமாரியில்தான் என்று. சாரே புத்தகம் படித்துக் காட்டுகிறாராம். குரங்கு மாதிரிகூடக் குரல் மாற்றுகிறாராம். அவளுக்குக் கை அப்படியே நின்றது.

அந்த வாரமே அக்காவின் வேலை நேரம் மாறியது. இனி மகளை அவளே கொண்டுபோய் விடுவாளாம். நிம்மதியாக இருக்க வேண்டிய செய்தி... அவளுக்கோ அழுகை முட்டியது.

மறுநாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அந்த வகுப்பறை வாசலில் போய் நின்றாள். பெஞ்சின் மேல் ஏறி நின்று, பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தான் அவன்.

"போனக் குடுத்து ஊட்டுனது நான்தான்," என்றாள் தரையைப் பார்த்தபடி. "இப்ப குடுக்கறதில்ல."

அவன் மெல்ல இறங்கி வந்தான். எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது தப்பு என்றான். வாய் திறக்காத பிள்ளைகளுக்காக டேப்லெட்டை முழுசாக ஒதுக்கவும் மனசு வரவில்லை என்றான். நிர்வாகம் என்ன சொல்லுமோ, இன்னும் தெரியவில்லை.

"ஒரு நாள் எல்லாத்தையும் வாங்கி உள்ள வெச்சேன். பிள்ளைங்க மொத்தமா நிமிந்து என்னையப் பாத்துச்சுங்க. எனக்குப் பாடமே மறந்து போச்சு. அதுவரைக்கும் உச்சந்தலைங்களுக்குத்தான் பாடம் நடத்திட்டு இருந்திருக்கேன்." கையிலிருந்த படத்தை மேசையில் வைத்தான். "அதுக்கு முன்னாடி இந்த ரூம்ல என் மூஞ்சியப் பாத்துப் பேசுனது நீங்க ஒருத்தர்தான். சண்டதான் போட்டீங்க... இருந்தாலும். அப்புறம் வாசல்ல தினமும் வேற பக்கம் பாத்துட்டு நின்னீங்க."

"நீங்கதான் என் பக்கமே திரும்பலையே. அது எப்படித் தெரியும்?"

"நீங்க அந்தப் பக்கம் திரும்புனதும் பாத்துட்டேதான் இருந்தேன்."

வெளியே தூறல் ஆரம்பித்தது. அவள் விரல்கள் பையின் வாரைத் திருகின.

"இனிமே அக்காவே கொண்டுவந்து விடுவா. எனக்கு இங்க வர்றதுக்குக் காரணம் இல்ல..."

"காரணம்னு ஒண்ணு வேணுமா?" அவன் குரல் இறங்கியது. "உங்களப் பாக்காத நாள்ல எனக்கு எதுவும் ஓட மாட்டேங்குது. இது போதுமா?"

அவள் நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்து அவன் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"எனக்கும்தான்," என்றாள். "நேத்து ராத்திரியெல்லாம் அதச் சொல்லிடணும்னுதான் தூங்காம கெடந்தேன்."